கொழும்பில் கைக்குழந்தையோடு: படைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்திய இராணுவம், கடற்படை, விமானப்படையில் இருந்து கொழும்புக்கு மாற்றலாகியோ பயிற்சிக்கோ வரும் தமிழ்க் குடும்பங்களுக்கான வழிகாட்டி இது. கொள்ளுப்பிட்டி, காலி வீதியில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் பணிக்கு வருபவர்களும் இருப்பார்கள். சப்புகஸ்கந்தயில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் கட்டளை, பணியாளர் கல்லூரியில் படிக்க வருபவர்களும் இருப்பார்கள். இருவருக்கும் வீட்டுக்குள் நடப்பது ஒன்றுதான்: சேவையில் இருப்பவர் காலையில் போய் மாலையில் வருவார், சில வாரங்களில் வராமலும் இருப்பார். கைக்குழந்தையோடு மற்றவர் தனியே இருப்பார்.

கொழும்பு மிகவும் பழகிய ஊர்போலத் தெரியும். சென்னை நேரமும் கொழும்பு நேரமும் ஒன்றுதான். வெள்ளவத்தையில் இறங்கினால் கறிவேப்பிலையில் இருந்து ஊதுபத்தி வரை எல்லாம் கிடைக்கும், எல்லாரும் தமிழ் பேசுவார்கள். ஆனால் குழந்தை விடயத்தில் சில அடிப்படைகள் வேறு: ஊசி அட்டவணை வேறு, காய்ச்சல் மருந்தின் செறிவு வேறு, பிளக் வேறு, "பால்மா" என்ற சொல்லின் பொருள்கூட வேறு. தெரியாத நாட்டில் எல்லாவற்றையும் கேட்டுச் செய்வோம். தெரிந்த ஊர்போல இருக்கும் இடத்தில் கேட்காமல் விடுவோம், தவறு அங்கேதான் நடக்கிறது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்தச் சிறு வித்தியாசங்களைப் பற்றியவை.

படி 1: புறப்படுமுன் ஒரு கோப்பு

ஒரே கோப்பு, அதற்கு இரண்டு பிரதி. மூலப் பத்திரங்கள் வீட்டில் குழந்தையோடு இருப்பவரிடம் இருக்கட்டும். "அவரிடம் இருக்கிறது, அலுவலகப் பையில்" என்று வைத்தியசாலைக் கவுண்டரில் நின்று சொல்ல முடியாது.

அதில் இருக்க வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், தாய் சேய் நல அட்டை, பிறந்தபோது வைத்தியசாலை கொடுத்த டிஸ்சார்ஜ் குறிப்பு, இரத்த வகை, இதுவரை போட்ட ஊசிகளின் திகதிகள் தட்டச்சு செய்த ஒரு தனித்தாள். அந்தத் தாளில் ஊசியின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டு அட்டையில் கையால் கிறுக்கிய திகதியை இங்குள்ள தாதி வாசிக்கத் திணறுவார்.

சேவைக்காக வருபவரின் குடும்பத்துக்கு வெள்ளை நிற அலுவல் கடவுச்சீட்டு கிடைக்குமானால் குழந்தைக்கும் தனியே ஒன்று எடுக்க வேண்டும். தாயின் கடவுச்சீட்டில் பெயரைச் சேர்க்கும் பழைய முறை இப்போது இல்லை. சிறுவர் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி என்ற சம்மதப் படிவம் தேவை. கணவர் ஏற்கனவே கொழும்பில் இருந்து மனைவி மட்டும் ஊரில் விண்ணப்பித்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அவர் புறப்படுமுன் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.

இன்னுமொரு தாள்: ஒரு பெற்றோர் மட்டும் குழந்தையோடு பயணிக்க மற்றவர் தரும் சம்மதக் கடிதம். ஊரில் யாருக்காவது சுகமில்லை என்று நள்ளிரவில் டிக்கெட் எடுக்க வேண்டி வரும்போது அவர் கடலிலோ களப்பயிற்சியிலோ இருக்கலாம். கடவுச்சீட்டு எண்களுடன் திகதியிட்டு இரண்டு கையெழுத்துப் பிரதிகள் வைத்திருங்கள்.

மருத்துவச் செலவை யார் ஏற்பது, எந்த வைத்தியசாலைக்கு அனுமதி, அவசரத்தில் முன் அனுமதி இல்லாமல் போனால் எத்தனை நாளுக்குள் அறிவிப்பது என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தூதரகப் பணியில் இருப்பவருக்கும் பயிற்சிக்கு வந்தவருக்கும் விதி ஒன்றல்ல. வைத்தியரின் துண்டு, பில், பரிசோதனை அறிக்கை மூன்றும் சேர்ந்தால்தான் பணம் திரும்பும். பார்மசியில் பில் கேட்காமல் வாங்கிய மருந்துக்கு எதுவும் வராது.

படி 2: வீடு

வீடு ஒதுக்கித் தரப்பட்டால் பேச்சில்லை. தெரிவு உங்கள் கையில் இருந்தால், ஒரு வயதுக்குள் குழந்தை இருக்கும் குடும்பம் கல்லூரிக்கு அருகே வீடு தேடுவதைவிட, குழந்தையோடு பகலில் இருப்பவருக்கு வசதியான இடத்தில் தேடுவதே நல்லது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகியவற்றில் தமிழில் பேசி மருந்து வாங்கலாம், நடந்துபோய்க் காய்கறி வாங்கலாம். சப்புகஸ்கந்தவுக்குப் போய்வரும் அலைச்சல் சேவையில் இருப்பவருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனியே இருப்பவருக்கு வாய்விட்டுப் பேச ஆள் இருப்பது குழந்தைக்கும் நல்லது.

வீடு பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டுமா, வீட்டுக்குள்ளும் ஓடுமா? தண்ணீர்த் தாங்கியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? யன்னல்களுக்கு நுளம்பு (கொசு) வலை இருக்கிறதா, இல்லாவிட்டால் அடிக்கச் சம்மதமா? பல்கனிக் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் தவழும் பிள்ளையின் உடம்பு நுழையும், வலை கட்ட வேண்டும். கொழும்பு வீட்டுக்காரர்கள் பல மாத முற்பணம் கேட்பது வழக்கம். பணம் கொடுக்குமுன் இவற்றைப் பேசி முடியுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீடுகளுக்குக் காற்று நன்றாக வரும். கூடவே உப்பும் வரும், கரையோர ரயில் சத்தமும் வரும். தொட்டில், தள்ளுவண்டியின் ஆணிகள் துருப்பிடித்துத் தளரும். மாதம் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

மின்சாரம் இந்தியாவைப் போல 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பொருட்கள் வேலை செய்யும், பிளக்தான் சிக்கல். பழைய வீடுகளில் 5, 15 அம்பியர் உருண்டை முள் சொக்கெட்டுகள் இருக்கும், இந்தியப் பிளக் அவற்றில் பொருந்தும். புதிய தொடர்மாடிகளில் சதுர முள் 13 அம்பியர். இலங்கை 2017 முதல் இதையே தேசியத் தரமாக எடுத்துக்கொண்டது. ஸ்டெரிலைசர், கெற்றில் போன்ற சூடாக்கும் பொருட்களுக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பயண அடப்டர் வேண்டாம். 1500 வாட் கெற்றில் 6.5 அம்பியர் இழுக்கும், தளர்ந்த அடப்டர் உருகும். எலெக்ட்ரீசியனைக் கொண்டு 13 அம்பியர் பிளக்கை நேரே மாட்டிவிடுங்கள். சதுர முள் சொக்கெட்டுக்கு உள்ளே தடுப்பு மூடி இருப்பதால் பிள்ளை விரல் விடும் பயம் குறைவு. உருண்டை முள் சொக்கெட்டுகளுக்கு மூடி வாங்கி அடையுங்கள்.

படி 3: ஊசி அட்டவணையைப் பொருத்துவது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

இந்தியாவில் பென்டாவேலன்ட் என்னும் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி 6, 10, 14 வாரங்களில். இலங்கையில் அதே ஊசி 2, 4, 6 மாதங்களில். பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. இரண்டு நாட்டிலும் உண்டு. ஆனால் இந்தியாவில் பிறந்த அன்றே தரப்படும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் முதல் போலியோ சொட்டும் இலங்கை அட்டவணையில் இல்லை. இங்கே 9 மாதத்தில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி), 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாதத்தில் முக்கூட்டு (டி.பி.டி.) ஊசியும் போலியோவும், 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். இந்தியாவில் 9 மாதத்தில் தருவது எம்.ஆர்., அதில் கூவைக்கட்டு எனப்படும் பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்பு இல்லை. நியூமோகோக்கலும் ரோட்டாவும் இந்திய அட்டவணையில் உண்டு. இங்கே அவற்றுக்குத் தனியார் வைத்தியசாலைக்குப் போவதே வழக்கம்.

இதை எப்படிப் பொருத்துவது?

சென்னையில் 6 வார ஊசி போட்டுக்கொண்டு 9 வாரத்தில் கொழும்பு வந்தால், அடுத்ததைப் 10 வாரத்தில் தனியார் இடத்தில் போடலாம், அல்லது அரச கிளினிக்கின் முறைப்படி சற்றுப் பிந்திப் போடலாம். இரண்டு ஊசிக்கு இடையே குறைந்தது 4 வாரம் இருக்க வேண்டும். இடைவெளி கூடிவிட்டது என்பதற்காக முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. ஆனால் ரோட்டா சொட்டு மருந்துக்கு வயது எல்லை உண்டு, அதைப் பிந்தவிடாதீர்கள்.

14 வாரத்தில் மூன்றும் முடித்துவிட்டு வந்த குழந்தைக்கு இங்கே 6 மாத ஊசி மீண்டும் வேண்டியதில்லை. ஆறு மாதம் ஆகிவிட்டது என்று கிளினிக்கில் கூப்பிட்டால் திகதித் தாளைக் காட்டி, முடிந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இந்தியாவில் எல்லா மாவட்டத்துக்கும் இல்லை, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. தவிர்க்க வேண்டாம். இதுவும் எம்.எம்.ஆரும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் 4 வாரம் விட வேண்டும்.

பெரும் அளவு வைட்டமின் ஏ இரண்டு நாட்டிலும் தருகிறார்கள், மாதங்கள்தான் வேறு. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அங்கன்வாடியில் ஒரு தடவையும், திரும்பி வந்து கொழும்பில் ஒரு தடவையும் விழுங்கும் வாய்ப்பு உண்மையில் உண்டு. குறைந்தது 4 மாத இடைவெளி வேண்டும், தந்த திகதியை எழுதி வையுங்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும். மருந்து பூச வேண்டாம், பிதுக்க வேண்டாம். இங்கே ஆறு மாதத்தில் அந்தத் தழும்பைத் தேடுவார்கள்.

எங்கே போவது? ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொதுச் சுகாதார மருத்துவமாது இருப்பார். கொழும்பு மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்குகள், வெளியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் கேட்டு, எந்தக் கிளினிக், எந்தக் கிழமை என்று அறிந்துகொள்ளுங்கள். அவர்கள் தரும் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடுதான் இங்கே எல்லா இடத்திலும் செல்லும் புத்தகம். இந்திய அட்டையை அதற்குள் செருகி வையுங்கள், இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். பௌர்ணமி தினமான போயா பொது விடுமுறை, கிளினிக் நடக்காது. ஒவ்வொரு மாதமும் நாட்காட்டியில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: காய்ச்சலும் டெங்குவும்

முதலில் மருந்தின் செறிவு. இலங்கையில் குழந்தைகளுக்கான பரசிட்டமோல் சிரப் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். இந்தியாவில் இருந்து கொண்டுவரும் சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம். அங்கிருந்து வரும் சிரப்பிலும் 125, 250 என்று இரண்டு வகை. இங்குள்ள வைத்தியர் "5 மில்லி குடுங்கோ" என்று சொல்லி, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் குழந்தையின் உடம்பில் 500 மில்லிகிராம் போய்விடும். நாலு மடங்குக்கும் மேல்! ஈரலைப் பாதிக்கும் அளவு அது. ஆகவே ஒரே நாட்டு மருந்தை மட்டும் வீட்டில் வைத்திருங்கள். மற்றதை எறிந்துவிடுங்கள், "தேவைப்படும்" என்று எடுத்துவைக்க வேண்டாம்.

கணக்கு இது: ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 120 செறிவுள்ள சிரப்பில் 5 கிலோ குழந்தைக்கு 3 மில்லி, 8 கிலோவுக்கு 5 மில்லி, 10 கிலோவுக்கு 6 மில்லி. ஆறு மணிக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. தேக்கரண்டியால் அளக்காதீர்கள், பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே இல்லை. நேரே வைத்தியசாலை.

இபுபுரோஃபனும் அஸ்பிரினும் வேண்டாம். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டெங்குவாக இருக்கலாம், அந்த மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும். 2017இல் மட்டும் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். தென்மேல் பருவமழையை ஒட்டி மே முதல் ஜூலை வரையும், பிறகு ஆண்டின் இறுதியிலும் கூடும்.

நாளைக் கணக்கிடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஒரு வயதுக்குள் என்றால் அதற்கும் முன்னரே காட்டுவது நல்லது. டெங்குவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, கை கால் குளிர்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, தொடர்ந்து சத்தி (வாந்தி) எடுக்கிறது, வயிறு வலித்து அழுகிறது, மூக்கில் அல்லது முரசில் (பல் ஈறில்) இரத்தம் என்றால் உடனே போக வேண்டும். காய்ச்சல் நாட்களில் சிவப்பு, கபில (பழுப்பு) நிறப் பானமோ உணவோ கொடுக்காதீர்கள், சத்தி எடுத்தால் இரத்தமா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

நெற்றியில் கொலோன் தடவும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு, அன்போடுதான் செய்வார்கள். அதில் அல்ககோல் இருக்கிறது, கைக்குழந்தைக்கு வேண்டாம். கற்பூரம், மென்தோல் சேர்ந்த தைலங்களும் இரண்டு வயதுவரை வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

நுளம்பு பகலில் கடிக்கும் வகை, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். ஒவ்வொரு ஞாயிறும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏசியின் நீர்த்தட்டு, பூச்சட்டிக்கு அடியிலுள்ள தட்டு, பல்கனியில் கிடக்கும் விளையாட்டு வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே ஊற்றினால் சுவரில் ஒட்டிய முட்டை போகாது. நுளம்பு பெருக இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டம் உண்டு, பரிசோதகர் வீட்டுக்கே வருவார். டீட் என்னும் நுளம்பு விரட்டி சேர்ந்த பூச்சு இரண்டு மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் கையிலும் முகத்திலும் பூசாமல். கொயில் (கொசுவத்திச் சுருள்) புகை குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்துங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ நிறம் நீலமானாலோ 1990. அது சுவசெரிய இலவச அம்புலன்ஸ். பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரச வைத்தியசாலை, 1895இல் தொடங்கியது, தீவின் முதன்மையான சிறுவர் வைத்தியசாலை. கடுமையாக இருந்தால் தயங்காமல் அங்கே போங்கள். சாதாரண நாட்களில் விசேட வைத்திய நிபுணரைத் தனியாரில் "சனல்" பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, பார்க்கலாம். அவர்களில் பலர் பகலில் அரச சேவையில் இருப்பதால் தனியாரில் மாலையில்தான் வருவார்கள். காலை பத்து மணிக்குப் பிள்ளைக்கு மூச்சிரைத்தால் மாலைச் சனலுக்குக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 5: சொற்கள்

தமிழ் பேசும் தாதிகூட உங்கள் தமிழைச் சில இடங்களில் வேறாக விளங்கிக்கொள்வார். இங்கே கொசு நுளம்பு, வாந்தி சத்தி, வயிற்றுப்போக்கு வயிற்றோட்டம், ஜலதோஷம் தடிமன். கடையில் "சர்க்கரை" கேட்டால் வெல்லம் தருவார்கள், வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று சொல்ல வேண்டும். "பருப்பு" என்றால் சிவந்த மைசூர்ப் பருப்பு. கேழ்வரகு குரக்கன், பப்பாளி பப்பாசி, டயபர் பெம்பர்ஸ்.

இவற்றில் பயப்பட வேண்டிய சொல் பால்மா. கடைக்காரருக்குப் பால்மா என்றால் தேநீருக்குக் கலக்கும் முழு ஆடைப் பால்மா. குழந்தைக்கு ஒரு வயதுவரை அதைக் கொடுக்கக் கூடாது, புரதமும் உப்பும் அதன் சிறுநீரகத்துக்கு அதிகம். "பிறந்த பிள்ளைக்கான பால்மா, ஆறு மாதத்துக்கு உட்பட்டது" என்று வயதோடு சொல்லிக் கேளுங்கள், பேணியில் எண் 1 என்று இருப்பதைப் பாருங்கள், ஆறு மாதத்துக்குப் பிறகுதான் 2.

அவசரத்துக்குச் சில சிங்களச் சொற்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பபாட்ட உண: பிள்ளைக்குக் காய்ச்சல். வமனே: சத்தி. பாச்சனய: வயிற்றோட்டம். வலிப்புவ: வலிப்பு. ஹுஸ்ம கன்ன அமாருய்: மூச்சு எடுக்கக் கஷ்டம். அதே தாளில் வீட்டு முகவரியும் வழி அடையாளமும் இருக்கட்டும். வெள்ளவத்தையில் ஒழுங்கையின் பெயர் மட்டும் போதாது, காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமா மற்றப் பக்கமா என்று சொல்ல வேண்டும்.

படி 6: பால், தண்ணீர், சோறு

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். இந்தப் புழுக்கத்திலும் தண்ணீர் தேவையில்லை, செவ்விளநீரும் தேவையில்லை. தாய்க்குத்தான் தண்ணீர் வேண்டும். பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு நனைந்த பெம்பர்ஸ் இருந்தால் பால் போதுகிறது.

மாப்பால் (குழந்தைக்கான பால்மாவில் கரைக்கும் பால்) கலக்க வேண்டி வந்தால்: குழாய் நீரைக் கொதிக்கவைத்து, 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைப் போட்டுக் கலக்கி, பிறகு போத்தலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றுங்கள். மாவுக்குள்ளேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூடு அதைக் கொல்லும். ஒரு பேணியின் கரண்டியை இன்னொரு பேணிக்குப் பயன்படுத்தாதீர்கள், அளவு வேறுபடும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலை ஊற்றிவிடுங்கள். கொழும்பு வெக்கையில் இந்த விதிக்கு விலக்கு இல்லை. போத்தலையும் முலைக்காம்பு ரப்பரையும் கழுவியபின் நீரில் முழுக அமிழ்த்திப் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் சோறு. இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பு, ஒரு சிறு துண்டு பூசணி, இரண்டு கப் தண்ணீர். மூடி வைத்துக் குழைய அவித்து, கரண்டியால் மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நெய். உப்பும் சீனியும் வேண்டாம். மிக்சியில் அடித்துத் தண்ணீராக்காதீர்கள், கரண்டியைச் சரித்தால் வழியாமல் நிற்கும் பதம் வேண்டும். தண்ணியான உணவு வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டாது. முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு தடவை. 9 மாதத்தில் அரைக் கப், மூன்று நாலு தடவை. ஒரு வயதில் முக்கால் முதல் ஒரு கப். நெத்தலிக் கருவாட்டுப் பொடி சேர்க்கச் சொல்வார்கள், நல்லதுதான். ஆனால் உப்புப் போகப் பல தண்ணீரில் கழுவிக் காயவைத்து வறுத்த பிறகு. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தொட்டுவைக்கவும் கூடாது.

வயிற்றோட்டத்துக்கு இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஜீவனி, அதாவது ஓ.ஆர்.எஸ். தூள். பைக்கற்றில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை வாசித்துக் கலக்குங்கள். ஒரு லீற்றர் பைக்கற்றை அரைப் போத்தலில் கரைத்தால் உப்புக் கூடிப் பிள்ளைக்கு இன்னும் கேடு. இந்தியாவில் இருந்து கொண்டுவந்த 200 மில்லிப் பைக்கற்றும் இதுவும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம்.

ஏப்ரல் புத்தாண்டில் கொழும்பு காலியாகிவிடும், பல கடைகள் சில நாள் திறக்காது. பெம்பர்ஸ், பால்மா, மருந்து ஒரு வாரத்துக்கு முன்னரே வாங்கி வையுங்கள். குழந்தைத் துணிக்குப் புறக்கோட்டை மலிவு, ஆனால் கைக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் இடம் அல்ல. பருத்தித் துணியே வாங்குங்கள், மழைக்காலத்தில் காயாது என்பதால் வழக்கத்தைவிட ஆறேழு சட்டை கூடுதலாக. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்ட வேண்டாம், நுரையீரலுக்குப் போகும். குளிப்பாட்டி, மடிப்புகளை ஒற்றித் துடைத்துக் காற்றோட்டமாக விட்டாலே அடங்கும்.

படி 7: கொழும்பிலேயே பிறந்தால்

இலங்கையில் பிறந்ததால் மட்டும் இலங்கைக் குடியுரிமை வராது. இந்தியக் குடியுரிமையும் தானாகப் பதிவாகாது, நீங்கள்தான் பதிய வேண்டும். வரிசை இது.

பெயரைப் பிரசவத்துக்கு முன்னரே முடிவு செய்து, பெற்றோர் பெயர்களுடன் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதினால் ஒரு எழுத்து மாறும், அந்த ஒரு எழுத்து பிறகு மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

வைத்தியசாலை தரும் அறிக்கையுடன் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிவாளரிடம் பதியுங்கள். சான்றிதழ் பல பிரதிகள் எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் பெறுங்கள். அதோடு உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், குழந்தைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதி கூற வேண்டும். ஒரு வருடம் என்று இருக்காமல் முதல் மாதத்திலேயே முடியுங்கள். கடவுச்சீட்டு வந்ததும் வேலை முடியவில்லை. புதுக் கடவுச்சீட்டில் இலங்கைக்குள் வந்த முத்திரை இருக்காது, ஆகவே வீசா பெறாமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

குழந்தையைச் சேவைப் பதிவில் ஏற்றுவது தனி வேலை. இராணுவம் என்றால் பார்ட் டூ ஆர்டர், கடற்படை என்றால் ஜென்ஃபார்ம், விமானப்படை என்றால் பி.ஓ.ஆர். இது ஏறாதவரை சேவையின் கண்ணில் அந்தக் குழந்தை இல்லை. அடையாள அட்டை, மருத்துவ உரிமை எல்லாம் அதன் பிறகுதான்.

பிறந்த செய்தியை ஊருக்குச் சொல்லும் மகிழ்ச்சியில் ஒன்றை மறக்காதீர்கள். சீருடை, பெயர்ப்பட்டி, வீட்டு வாசல், பயணத் திகதி தெரியும் படம் எதையும் பொதுவில் போட வேண்டாம். "அவர் அடுத்த வாரம் கப்பலில்" என்ற ஒரு வரி, வீட்டில் தாயும் பிள்ளையும் தனியே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

படி 8: போக்குவரத்து, பிறகு திரும்புதல்

பிக்மீ, ஊபர் என்ற டாக்சிச் செயலிகள் இரண்டிலும் கார் வரும். கார் சீட் அதில் இருக்காது. பின்நோக்கிய கார் சீட் ஒன்றை ஊரில் இருந்தே கொண்டுவாருங்கள், பெல்ட்டால் கட்டும் வகை வாங்கினால் எந்தக் காரிலும் பொருந்தும். ஓட்டோ தவிர்க்க முடியாததுதான், ஆனால் தலை நிற்காத குழந்தையை அதில் நீண்ட தூரம் கொண்டுபோக வேண்டாம். விமானத்தில் சென்னை ஒன்றரை மணி நேரத்துக்குள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், காது அடைப்பு விடும். இறக்கம் தரையைத் தொடுமுன் அரை மணி நேரம் முன்னரே தொடங்கிவிடும், கடைசி நிமிடத்துக்குப் பாலை வைத்திருக்காதீர்கள்.

பணிக்காலம் முடிந்து புறப்படுமுன் கடைசிக் கிளினிக் நாளில் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, போட்ட ஊசிகளுக்கு ஆங்கிலத்தில் முத்திரையிட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் போட்ட 18 மாத முக்கூட்டு ஊசி, இந்தியாவில் 16 முதல் 24 மாதத்துக்குள் வர வேண்டிய பூஸ்டர்தான். இரண்டாவது தட்டம்மை ஊசி மட்டும் அங்கே அதே வயதில் வரும், இங்கே 3 வயதில். ஒன்றரை வயதில் திரும்பும் பிள்ளைக்கு ஊரில் இறங்கியவுடன் போட வேண்டிய ஊசி அது.